ஹோவானிப் ஆற்றங்கரையில் மூன்று இரவுகள்: நமீபியப் பாலைக் கரையின் சஃபாரி முகாம் குறித்து ஒரு மதிப்புரை

விண்ட்ஹூக் நகரின் ஈரோஸ் விமான நிலையத்தில் எங்கள் பைகளை எடைபோட்ட பெண்மணி, அடுத்ததாக எங்களையும் ஒவ்வொருவராக எடைக்கருவியின்மீது ஏறி நிற்கச் சொன்னார். ஒருவருக்கு 20 கிலோதான் சுமை. கைப்பையும் கேமராவும் அதற்குள் அடக்கம். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிக்கு இடமில்லை, துணிப்பை மட்டுமே செஸ்னா காரவன் விமானத்தின் அடிவயிற்றுக்குள் நுழையும். ஆளின் எடையும் சேர்ந்தால்தான் விமானியின் கணக்குச் சரியாகும், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், என் மனைவி என்னை வேறு பக்கம் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். ஓர் இரவுக்குத் தலைக்கு 1,000 அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்துவிட்டு, மூன்று சட்டைகளோடும் ஒரு கம்பளி மேலங்கியோடும் போய் இறங்கும் ஆடம்பரம் இது என்பதை அந்த எடைக்கருவியே முதலில் உணர்த்திவிடுகிறது.

நாங்கள் தங்கச் சென்றது நமீபியாவின் வடமேற்கு மூலையில், ஹோவானிப் என்ற வறண்ட ஆற்றின் பள்ளத்தாக்கில், பத்துக்கும் குறைவான கூடாரங்களே கொண்ட ஒரு சஃபாரி முகாமுக்கு. முகாமின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த வட்டாரத்தில் இத்தகைய முகாம்கள் மிகச் சிலவே இருக்கின்றன. நான் சொல்லும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் அந்த இடத்துக்கும் அந்த விதமான பயணத்துக்கும் உரியவை. முகாமுக்கு மேற்கே தொடங்குகிறது எலும்புக்கூட்டுக் கரை, அதாவது ஸ்கெலட்டன் கோஸ்ட் தேசியப் பூங்கா. தெற்கே ஊகாப் ஆற்றிலிருந்து வடக்கே அங்கோலா எல்லையான குனேனே ஆறு வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமும், சராசரியாக 40 கிலோமீட்டர் அகலமும் கொண்ட இந்தக் கீற்றை 1971இல் பூங்காவாக அறிவித்தார்கள். அதன் தென்பகுதிக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் காரில் போகலாம். தூண்டில் போடுவோர் டெர்ரஸ் பே வரைக்கும் போய்த் தங்குவதுண்டு. வடபகுதி அப்படியில்லை. அரசின் உரிமம் பெற்ற முகாம்களின் விருந்தினராக, அவர்களுடைய வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே நுழைய முடியும். கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இந்தத் தனிமைக்கான விலை.

தமிழில் நிலங்களை ஐந்தாகப் பிரித்துப் படித்தவர்களுக்கு இந்த ஊர் ஒரு சிறு குழப்பத்தைத் தரும். நெய்தல் என்றால் தாழையும் புன்னையும் மீன் உலரும் முற்றமும் மனத்தில் வரும். பாலை என்றால் நீரற்ற வழியும் பிரிவும் வரும். இங்கே இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. மணற்குன்றின் அடிவாரத்தில் அலை அடிக்கிறது, ஆனால் அந்தக் கடலால் நிலத்துக்கு மழை கிடைப்பதில்லை. தென்முனையிலிருந்து வடக்கு நோக்கி வரும் பெங்குவேலா என்ற குளிர்நீரோட்டம் கரையை ஒட்டியே ஓடுவதால், கடலின்மேல் உள்ள காற்று குளிர்ந்து தாழ்ந்து கிடக்கிறது. மேலெழுந்து மேகமாகத் திரள அதற்கு வழியில்லை. மழைக்குப் பதிலாக மூடுபனி வருகிறது. ஆண்டில் நூறு நாளுக்கு மேல் கரையை மூடும் அந்தப் பனிதான் இங்குள்ள பூச்சி, பாசி, செடி அனைத்துக்கும் குடிநீர். ஒரு காலத்தில் கப்பல்களைத் திசைதப்ப வைத்துக் கரையில் மோதச் செய்ததும் அதே பனிதான்.

விண்ட்ஹூக்கிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலான விமானப் பயணம். முதல் ஒரு மணி நேரம் முள்மரக் காடும் கால்நடைப் பண்ணை வேலிகளும் தெரிந்தன. பின்னர் வேலிகள் முடிந்தன, சாலைகள் முடிந்தன, செம்பழுப்பு மலைகள் மட்டும் மிஞ்சின. இறங்கிய இடத்தில் ஒரு சரளைத் தளமும், காற்றில் விறைத்து நின்ற ஒரு காற்றுப்பையும், ஒரு ஜீப்பும் இருந்தன. கட்டடம் என்று ஒன்றும் இல்லை. அங்கிருந்து முகாமுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஜீப் பயணம். எங்கள் வழிகாட்டி செஸ்ஃபொன்டைன் என்ற ஊர்ப் பக்கத்து டமாரா இனத்தவர். நாக்கை அண்ணத்தில் தட்டி எழுப்பும் ஒலிகள் நிறைந்த கோயெகோயெ மொழியில் ஓடைகளின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்ல முயன்று தோற்றோம். வழியில் ஒரு சரளைச் சமவெளியில் வண்டியை நிறுத்தி, பக்கவாட்டில் ஓடிய இரண்டு மெல்லிய கோடுகளைக் காட்டினார். பல பத்தாண்டுகளுக்கு முன்பு யாரோ பாதையை விட்டு விலகி ஓட்டிய வண்டியின் தடம் அது. மழையில்லாத நிலத்தில் மேல்மண்ணும் பாசியும் ஒருமுறை நசுங்கினால் மீள எத்தனையோ ஆண்டு பிடிக்கும். இருந்த மூன்று நாளும் ஒரு யானைக்காகக்கூட அவர் பாதையை விட்டு இறங்கவில்லை. மற்ற நாடுகளின் சஃபாரி வண்டிகள் விலங்கைச் சூழ்ந்து நிற்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு முதலில் ஏமாற்றமாக இருக்கும். எனக்கோ அது முகாமின்மீது மதிப்பை உண்டாக்கிய முதல் செயல்.

கூடாரம் என்று அவர்கள் அழைப்பது, தரையிலிருந்து உயர்த்திய மரத்தளத்தின்மேல் தடித்த துணிச் சுவரும், நிழலுக்கு இரட்டைக் கூரையும், கண்ணாடிக் கதவும் கொண்ட ஒரு வீடு. கட்டில் அகலமானது, மெத்தை நன்று. குளியலறையில் வெந்நீர் தடையின்றி வந்தது. மின்சாரம் முழுவதும் சூரியத் தகடுகளிலிருந்து. தலைமுடி உலர்த்தும் கருவி வேலை செய்யாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். குளிர்சாதனம் இல்லை, தேவையும் இல்லை: செப்டம்பர் மாதத்தில் நடுப்பகலில் துணிச் சுவர் சூடாவதற்குள் கடற்காற்று எழுந்துவிடும், இரவில் இரண்டு கம்பளிக்கு அடியில் ஒரு சுடுநீர்ப் பையையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பையை இருட்டில் காலால் தொட்டு அலறியவர் நான் மட்டும் இல்லை என்பதை மறுநாள் காலை உணவு மேசையில் தெரிந்துகொண்டேன். வேலி கிடையாது. இருட்டிய பின் கூடாரத்துக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையே தனியாக நடக்கக் கூடாது. ஒருவர் விளக்கோடு வந்து அழைத்துப் போவார். முதல் இரவு இது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தோம். மறுநாள் காலை எங்கள் படிக்கட்டுக்கு அருகே பழுப்புக் கழுதைப்புலியின் காலடித் தடத்தை வழிகாட்டி காட்டினார். அதற்குப் பிறகு என் மனைவி விளக்குக்காரர் வரும்வரை கதவைத் திறக்கவே இல்லை.

இனி அந்த ஆறு. இந்தப் பயணத்தில் எழுதுவதற்கு அதிகம் இருப்பது அதைப் பற்றித்தான். நமீபியாவின் மேற்குப் பகுதியில் கிழக்கிலிருந்து கடலை நோக்கி இறங்கும் 12 பருவ ஆறுகளில் ஹோவானிப் ஒன்று. உள்நாட்டு மேட்டு நிலத்தில் மழை பெய்தால் ஆண்டில் சில நாள் வெள்ளம் வரும். சில ஆண்டுகளில் அதுவும் வராது. வந்த வெள்ளமும் கடலை அடைவது அரிது, ஏனெனில் கரைக்குச் சற்று முன்னால் மணற்குன்றுகள் குறுக்கே நின்று அதைத் தடுத்துவிடுகின்றன. தேங்கிய நீர் வண்டல் சமவெளியாக உலர்ந்து, ஓடு ஓடாக வெடித்துக் கிடக்கிறது. மேலே ஒரு சொட்டு நீர் கண்ணில் படவில்லை. மணலுக்கு அடியில் மட்டும் ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் அடையாளம், இரு கரையிலும் நின்ற ஆனா மரங்கள். பெயரைக் கேட்டதும் ஆனை மரம் என்றே என் காதில் விழுந்தது, அது பொருத்தமாகவும் இருந்தது. நம் கருவேலத்துக்கு உறவான இந்த மரம் பெரும்பாலான மரங்களுக்கு எதிரான வழக்கம் உடையது: மழைக்காலத்தில் இலை உதிர்த்துவிட்டு, வறண்ட மாதங்களில் பசுமையாக நிற்கும். வறட்சியின் உச்சம் நெருங்கும்போது, கொடுக்காய்ப்புளியைப் போலச் சுருண்ட, அதைவிடத் தடித்த காய்களை உதிர்க்கும். நாங்கள் போனது அந்தப் பருவத்தில்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு, ஒரு தாய் யானையும் இரண்டு இளம் யானைகளும் அந்த மரங்களின் கீழே வந்தன. தாய் யானை தும்பிக்கையின் நுனியால் காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது; கீழே தீர்ந்ததும் அடிமரத்தில் நெற்றியை வைத்து ஒரு முறை தள்ளியது. மேலிருந்து காய் மழை. கிளையை முறிக்கவில்லை. மரத்தை வேரோடு சாய்த்துத் தின்னும் யானைகளைப் பற்றிக் கேட்டிருந்த எனக்கு அந்தச் சிக்கனம் வியப்பாக இருந்தது. இந்த யானைகள் தனி இனமல்ல என்றும், ஆப்பிரிக்கப் புல்வெளியில் திரியும் அதே யானைதான் என்றும் வழிகாட்டி விளக்கினார். தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்து, எந்த ஊற்று எங்கே இருக்கிறது, எந்தப் பள்ளத்தாக்கில் எந்த மாதம் காய் விழும் என்ற அறிவைத் தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொண்டு வருவதுதான் வேறுபாடாம். நீரின்றிச் சில நாட்கள் தாக்குப்பிடிக்கின்றன. அதன் பிறகு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுகின்றன. ஆம், ஊற்றுத் தோண்டுவதுதான். கோடையில் வறண்ட ஆற்றில் குடத்தோடு போய்க் கையால் மணலை வாரி, நீர் சுரந்து தெளியும்வரை குந்தியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த யானையின் வேலையில் புதிதாக ஒன்றுமே இருக்காது. முன்காலால் மணலைத் தள்ளி, தும்பிக்கையை உள்ளே விட்டு, முதலில் வந்த கலங்கலை வெளியே பீச்சிவிட்டு, தெளிந்த பிறகே குடித்தது. அது போன பின் ஒட்டகச்சிவிங்கி ஒன்று வந்து, முன்கால்களை அகலமாக விரித்து, அதே குழியில் வாயை வைத்தது.

1970களிலும் 80களிலும் இங்கே போரும் பஞ்சமும் துப்பாக்கியும் சேர்ந்து யானையையும் காண்டாமிருகத்தையும் ஏறத்தாழத் துடைத்துவிட்டன. அதை மீட்டதில் வெளியிலிருந்து வந்த படைக்குப் பெரிய பங்கில்லை. கார்த் ஓவன்-ஸ்மித் போன்ற இயற்கைப் பாதுகாவலர்கள் ஊர்த் தலைவர்களோடு பேசி, அந்தந்த ஊர்க்காரர்களையே காவலர்களாக நியமிக்கச் செய்தார்கள். அவருக்கும் அவரோடு பணியாற்றிய மார்கரெட் ஜேக்கப்சனுக்கும் 1993இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். சிங்கத்தின் கதை இன்னும் நெருக்கடியானது. சிங்க ஆய்வாளர் ஃபிலிப் ஸ்டாண்டர் 1997இல் இந்தப் பாலைச் சிங்கங்களைப் பின்தொடரத் தொடங்கியபோது அவற்றின் எண்ணிக்கை இருபதைச் சுற்றியே இருந்தது. கரையோரத்தில் கடல்நாயை வேட்டையாடிய பழைய சிங்கங்கள் 1980களிலேயே அற்றுப்போயின. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இளம் பெண் சிங்கங்கள் மீண்டும் கடற்கரைக்கு இறங்கி, பூநாரை, நீர்க்காகம், கடல்நாய் ஆகியவற்றைப் பிடித்துத் தின்பதை 2019இல் வெளியான தம் ஆய்வில் அவர் பதிவுசெய்தார். நாங்கள் சிங்கத்தைப் பார்க்கவில்லை. தடம் மட்டும் பார்த்தோம், அதுவும் முந்தின நாளுடையது. விளம்பரப் படங்களை நம்பி இங்கே வருபவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: இது விலங்குகள் மலிந்த இடமில்லை. தான்சானியாவிலோ போட்ஸ்வானாவிலோ ஒரு காலைப்பொழுதில் காண்பதை இங்கே மூன்று நாளிலும் காண மாட்டீர்கள். காண்டாமிருகம் ஒன்றைத் தொலைவில், மலைச்சரிவில், கைநோக்கியால் பார்த்தோம். படம் எடுத்தால் இடக்குறிப்பு பதியாதபடி கைப்பேசியைச் சரிசெய்துகொள்ளுமாறு வழிகாட்டி கேட்டுக்கொண்டார், கொம்புக்காக வருபவர்களும் படம் பார்ப்பவர்கள்தானே.

கடலுக்குப் போகும் நாள் தனி. மூன்று இரவு தங்குவோருக்குத்தான் அது வசதியாக வாய்க்கும். இரண்டு இரவு திட்டத்தை வாங்குவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. விடியும் முன் கிளம்பி, வண்டல் சமவெளியைக் கடந்து, மணற்குன்றுகளில் ஏறி இறங்கிச் செல்ல அரை நாள் ஆகிறது. குன்றுகளின் நிறம் ஒன்றில்லை. காற்று எடை பிரித்துப் போட்டதில் கார்னெட் என்ற சிவப்புக் கல்லின் மணிகளால் கருஞ்சிவப்பாகவும் இரும்புத் தாதுவால் கறுப்பாகவும் வரிவரியாக இருக்கிறது. ஒரு செங்குத்தான சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கச் சொன்னார்கள். இறங்கினோம். எங்களுக்குக் கீழே எங்கோ ஒரு கனரக விமானம் பறப்பது போன்ற உறுமல் கேட்டு, மணலில் பதித்த உள்ளங்கை அதிர்ந்தது. உலர்ந்து, ஒரே அளவாகத் தேய்ந்த மணல்மணிகள் ஒன்றாகச் சரியும்போது எழும் ஓசை அது. காரணம் தெரிந்த பிறகும் மூன்று முறை ஏறி மூன்று முறை வழுக்கினேன், அறுபதை நெருங்கும் வயதுக்கு அது அதிகம்தான்.

கடைசிக் குன்றைத் தாண்டியதும் வெயில் சட்டென அணைந்து மூடுபனிக்குள் நுழைந்தோம். குளிரும் பாசி நாற்றமும் ஒரே நேரத்தில் முகத்தில் அறைந்தன. கறுப்பு உடலும் வெள்ளை முதுகும் கொண்ட ஒரு வண்டை வழிகாட்டி மணலிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு மீண்டும் அதே இடத்தில் விட்டார். இந்தப் பாலையின் சில வண்டினங்கள் பனி இறங்கும் நேரத்தில் குன்றின் உச்சிக்கு ஏறி, பின்புறத்தைத் தூக்கித் தலைகீழாக நின்று, முதுகில் திரளும் நீர்த்துளி வாய்க்கு வழிந்து வரும்வரை காத்திருக்கும். அதற்கப்பால் கடல்நாய்களின் கூட்டம்: ஆயிரக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஆடு கத்துவது போலவும் கிழவர் இருமுவது போலவும் ஓயாத சத்தத்தோடு. நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது, வர வேண்டியதும் இல்லை. ஓரத்தில் இரண்டு குள்ளநரிகள் செத்த குட்டி ஏதும் கிடைக்குமா என்று உலாத்திக்கொண்டிருந்தன.

கரைக்குப் பெயர் தந்த எலும்புகள் முதலில் திமிங்கிலங்களுடையவை. திமிங்கில வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற விலா எலும்புகளும் தண்டுவட வட்டுகளும் இன்றும் வெளுத்துக் கிடக்கின்றன. பிறகுதான் கப்பல்கள். அவற்றில் டனீடின் ஸ்டார் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலின் கதையை, அந்தப் பனிக்குள் நின்றபடி வழிகாட்டி சொல்லக் கேட்டது இந்தப் பயணத்தில் நான் மறக்க முடியாத ஒரு மணி நேரம். 1942 நவம்பர் 29 அன்று, போர்க்காலச் சரக்கோடும் பயணிகள் 21 பேர் உட்பட 106 பேரோடும் வந்த அந்தக் கப்பல், குனேனே முகத்துவாரத்துக்குத் தெற்கே தரைதட்டியது. படகில் 63 பேரைக் கரைசேர்த்ததும் படகு பழுதானது. அவர்களுக்குத் தண்ணீரும் உணவும் போட வந்த வென்ச்சூரா குண்டுவீச்சு விமானம் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்லலாம் என்று இறங்கி, மணலில் புதைந்து நின்றது. உதவிக்கு வந்த சர் சார்ல்ஸ் எலியட் என்ற இழுவைப் படகும் ராக்கி பாயின்ட் அருகே கரையில் மோதி, அதிலிருந்த ஆங்கஸ் மாக்கின்டையர், மத்தியாஸ் கொராசெப் இருவரும் இறந்தார்கள். நிலவழியாக வந்த லாரிகள் நாள்கணக்கில் மணலோடு போராடின. கடைசியில் கப்பலில் வந்தவர்கள் அனைவரும் உயிர் பிழைத்தார்கள். காப்பாற்ற வந்தவர்களில் இருவர் பிழைக்கவில்லை. புதைந்த விமானத்தை ஒருவழியாகத் தோண்டி எடுத்துப் பறக்கவிட்டபோது அது கடலில் விழுந்தது, விமானிகள் நீந்திக் கரையேறினார்கள். மோவே பே என்ற பூங்கா நிலையத்தில் ஒரு சிறிய அறை முழுவதும் இப்படிக் கரையில் ஒதுங்கிய கயிறு, புட்டி, பெயர்ப்பலகை, எலும்பு ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகம் என்று அதை அழைப்பது மிகை. ஆனால் அதைக் கடந்து போக மனம் வரவில்லை.

திரும்பும்போது கரையோரத் தளத்திலிருந்து சிறு விமானத்தில் கால் மணி நேரம்தான். அரை நாள் ஊர்ந்து கடந்த நிலம் காலடியில் விரல் சொடுக்கும் நேரத்தில் ஓடிப்போனது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நமீபியா இறைச்சி உண்ணும் நாடு; ஒரிக்ஸ், குடு மான்களின் இறைச்சி இரவு உணவில் வந்தது, நன்றாகச் சமைத்திருந்தார்கள். என் மனைவி முட்டைகூடச் சாப்பிடாதவர். முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்திருந்ததால் அவருக்கென்று தனியாகச் செய்தார்கள், ஆனால் முதல் இரண்டு நாளும் பூசணியும் காளானும் பாலாடைக்கட்டியும் மாறி மாறி வந்தன. மூன்றாம் நாள் சமையற்காரப் பெண்மணி தானே வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். பருப்பும் சோறும் என்று சொன்னதும், ஊழியர்களுக்கென்று வைத்திருந்த பயற்றை வேகவைத்து, வெங்காயமும் தக்காளியும் மிளகாயும் போட்டு ஒரு குழம்பு செய்து தந்தார். அதுதான் அங்கே சாப்பிட்டதில் சிறந்தது. காய்கறி அனைத்தும் லாரியில் நாள்கணக்கில் வருபவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊறுகாய்ப் புட்டியைக் கொண்டுபோவோர் அதையும் அந்த 20 கிலோவுக்குள் அடக்க வேண்டும்.

குறை என்று சொல்ல எனக்கு இரண்டு இருக்கின்றன. முதலாவது சலவை. கட்டணத்திலேயே அடக்கம் என்று சொல்லி, ஒவ்வொரு நாளும் நாம் கழற்றிப் போட்ட துணியைத் துவைத்துத் தேய்த்து மாலையில் கட்டிலின்மேல் வைத்துவிடுகிறார்கள். உள்ளாடையை மட்டும் வழக்கப்படி அவர்கள் துவைப்பதில்லை. அதற்காகக் குளியலறையில் ஒரு சிறு கிண்ணத்தில் சலவைத்தூள் இருந்தது. யானை ஊற்றுத் தோண்டிக் குடிப்பதைக் காலையில் காட்டிவிட்டு, ஒருமுறை உடுத்திய சட்டையை மாலையில் துவைத்துத் தருவது எனக்கு ஒட்டவில்லை. மேலாளரிடம் கேட்டபோது, 20 கிலோவுக்குள் வருபவர்களிடம் மாற்றுடை இருக்காது, அதனால்தான் என்றார். நியாயமான பதில்தான். ஆனாலும் வேண்டுமா என்று கேட்டுவிட்டு எடுத்துப்போகலாம். இரண்டாவது, மாலை வேளை ஏற்பாடு. ஒவ்வொரு நாளும் சூரியன் மறையும் நேரத்துக்குச் சரியாக ஒரு மேட்டில் மேசை விரித்து, மதுவும் வறுத்த கடலையும் வைத்து, எல்லாரும் கையில் கோப்பையோடு மேற்கைப் பார்த்து நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஆற்றில் விலங்குகள் நடமாடத் தொடங்குகின்றன. இரண்டாம் நாள் எங்களை ஆற்றிலேயே விட்டுவிடும்படி கேட்டோம். வழிகாட்டியின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியிலிருந்து, யாரும் அப்படிக் கேட்பதில்லை என்று புரிந்தது.

விலை நியாயமா என்ற கேள்விக்கு நேரான விடை சொல்வது கடினம். விடுதி வசதியை மட்டும் எடைபோட்டால் இதில் நான்கில் ஒரு பங்குக்கு இதைவிட நல்ல அறைகள் உலகமெங்கும் கிடைக்கும். ஆனால் இங்கே பணம் போகும் வழி வேறு. 1996இல் நமீபியா தன் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, பொது நிலத்தில் வாழும் மக்கள் சமூகக் காப்பகமாகப் பதிவுசெய்துகொண்டு, அங்குள்ள விலங்குகளாலும் சுற்றுலாவாலும் வரும் வருவாயைத் தாமே பெற வழி செய்தது. முதல் காப்பகங்கள் 1998இல் உருவாயின, இன்று 86 இருக்கின்றன. ஹோவானிப்பைச் சுற்றியுள்ள செஸ்ஃபொன்டைன், புரோஸ் ஆகியவையும் அவ்வகையே. முகாமின் வேலைக்காரர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள். எங்கள் வழிகாட்டியின் அண்ணன் ஆடு வளர்ப்பவர்; சிங்கம் அவருடைய பட்டியில் ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றதைச் சொன்ன அதே மூச்சில், தன் சம்பளம் அந்தச் சிங்கத்தால் வருகிறது என்பதையும் சொன்னார். அண்ணனுக்கு அது ஆறுதலா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.

போக நினைப்பவர்களுக்கு ஏற்ற காலம் மே முதல் அக்டோபர் வரை. அதிகாலைத் திறந்த ஜீப்பில் பல் கிட்டும் குளிர் இருக்கும். காதை மூடும் குல்லாயும் மஃப்ளரும் கட்டாயம். குளிர்கால மாதங்களில் உள்நாட்டிலிருந்து கிழக்குக் காற்று வீசினால் நிலைமை தலைகீழாகும். எங்களுக்கு அது ஒரு நாள் மட்டும் வாய்த்தது: காலை பத்து மணிக்கே அனல், கண்ணெல்லாம் மணல், கேமராவை உறையிலிருந்து எடுக்கவே முடியவில்லை. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது; நாங்கள் ஜோகன்னஸ்பர்க் வழியாகப் போனோம். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒரே மதிப்பு என்பதால் பணம் மாற்றும் தொல்லை இல்லை.

பயணத்தை ஒழுங்குசெய்து கொடுத்த முகவர்மீதுதான் எனக்குத் தீராத வருத்தம். முகாமிலிருந்து கிளம்பும் அதே நாள் மாலையில் விண்ட்ஹூக்கிலிருந்து ஜோகன்னஸ்பர்க் விமானத்துக்கு அவர் சீட்டு எடுத்திருந்தார். அன்று காலை கடற்பனி பள்ளத்தாக்கு வழியாக உள்ளே ஏறிவந்து தளத்தை மூடிவிட்டது. எங்கள் செஸ்னா வேறோர் இடத்தில் காத்திருந்துவிட்டு, மதியம் ஒரு மணிக்குத்தான் வந்து இறங்கியது. முகாம்காரர்கள் தளத்தின் ஓரத்திலேயே பாய் விரித்து, தேநீரும் சாப்பாடும் கொண்டுவந்து கொடுத்து, வானொலியில் மணிக்கொரு முறை செய்தி கேட்டுச் சொன்னார்கள். அவர்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான். ஜோகன்னஸ்பர்க் விமானம் போய்விட்டது. புதுச் சீட்டுக்கும் விண்ட்ஹூக்கில் ஓர் இரவுக்கும் எங்கள் கையிலிருந்துதான் கொடுத்தோம். ஆகவே இந்தக் கரைக்குப் போகிறவர்கள் திரும்பும்போது விண்ட்ஹூக்கில் ஓர் இரவைக் கட்டாயம் இடையில் வைத்துக்கொள்ளுங்கள், முகவர் தேவையில்லை என்று எவ்வளவு சொன்னாலும்.